பிரிக்காத பிரதி

மாமனார் இறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இருந்தும் அவர் வீட்டு வாசலில் நின்றதும் மருமகள் கால்மிதியில் பாதங்களை ஒன்றுக்கு இரண்டு தடவை அழுத்தித் துடைத்தாள். வெளித்தூசி வீட்டுக்குள் வந்தால் அவருக்கு ஆகாது. மனுஷர் சாம்பலாகிப் போன பிறகும் இந்தப் பழக்கம் தன்னை விடவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

கணவன் பொதி கட்டும் தாள் உருளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சாவிக்கொத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். காலை நேரம்தான், ஆனால் வானம் இருட்டிப் போய் மழை இப்போதோ அப்போதோ என்று நின்றது. ஒருவழியாகக் கதவைத் திறந்தால், அவன் தங்கை முந்தியே வந்து கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். மணியை அடித்திருந்தாலே போதும். நாத்தனார் எல்லாவற்றிலும் முந்திக்கொள்கிறவள், அப்பாவின் சொத்து விஷயத்தில் கேட்கவே வேண்டாம். பழைய புத்தகத் தரகர் எந்த நிமிஷமும் வந்துவிடுவார், அதற்குள் புத்தக அறையைக் கொஞ்சம் காற்றாட விட வேண்டும் என்று அண்ணியிடம் சொன்னாள். அங்கே ஏதோ கருகிய வாசனை அடிக்கிறதாம்.

புத்தக அறை நடையின் கடைசியில் இருந்தது. காற்றாட விடுவதற்கு அதில் ஜன்னல் கிடையாது. வெயில் பட்டால் தாள் பழுக்கும் என்று இருந்த ஒரே ஜன்னலையும் மாமனார் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். நட்ட நடுப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் கை தெரியும். ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று மூலையில் ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அலமாரிகள், நடுவில் ஒரு மேஜை, அதன் பக்கத்தில் அவருடைய தோல் நாற்காலி. அந்துருண்டை, பழந்தோல், புளித்த காகிதம் எல்லாம் கலந்த வாசனை எப்போதும் இருப்பதுதான். இன்றைக்கு அதற்கு அடியில் கருகல் வாசனையும் இருந்தது, நாத்தனார் பொய் சொல்லவில்லை.

மாமனாருக்கு ஊருக்கு வெளியே குளிர்பதனக் கிடங்குகள் இருந்தன. அறுவடைக் காலத்தில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் அடிமாட்டு விலைக்கு வாங்கி உள்ளே போட்டுப் பூட்டுவார். சந்தை காயும் வரைக்கும் கதவு திறக்காது. இப்படிச் சேர்த்ததை எல்லாம் அவர் ஒரே ஒரு ஆசைக்குத்தான் செலவழித்தார். உலகத்தை யோசிக்க வைத்த பொருளாதார நூல்களின் முதல் பதிப்புகளை எங்கிருந்தாலும் வாங்குவார். செல்வம், கூலி, வாடகை, நாணயம், வட்டி, மக்கள்தொகை என்று அந்த அலமாரிகளில் இல்லாத விஷயம் இல்லை. ஒன்றையும் அவர் படித்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கும் ஒருத்திக்கு இப்படி ஒரு வீட்டில் வாழ்க்கைப்படக் கிடைத்தால் எப்படி இருக்கும். கல்யாணமான புதிதில் மருமகள் தரையில் கால் பாவாமல்தான் நடந்தாள். முதல் முறை புத்தக அறைக்குள் அழைத்துப் போனபோது மாமனார் வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். அவளைக் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். அவள் தன்னை அறியாமல் ஓர் அலமாரிப் பக்கம் சாய்ந்ததும் தொண்டையைச் செருமினார். திட்டவில்லை, ஒரு செருமல், அவ்வளவுதான். வருஷக்கணக்காக அந்தச் செருமல் போதுமானதாக இருந்தது. பிள்ளைகள், வேலைக்காரர்கள், மருமகள் எல்லாருமே அதைக் கேட்டதும் இருந்த இடத்தில் நின்றுவிடுவார்கள்.

அவற்றுள் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஒல்லியாக, சாம்பல் நிற அட்டை போட்ட ஒரு சிறு புத்தகம். பெயர் 'பூட்டின் விலை'. பல தலைமுறைக்கு முந்தைய ஒரு பெரும் பஞ்சத்தில் அச்சானது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தானியம் அளக்கும் ஒருத்தி' என்று மட்டும் இருந்தது. அவளை மறுத்து மூன்று பெரிய மனிதர்கள் எழுதிய தடித்தடிப் புத்தகங்கள் எல்லா நூலகத்திலும் கிடைக்கின்றன. மூன்று பேரும் அவளைக் கண்டபடி ஏசியிருக்கிறார்கள். ஏசுவதற்காக ஆளுக்கு இரண்டு வரி அவளுடையதை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஆறு வரிகளை வைத்துக்கொண்டுதான் மருமகள் இத்தனை வருஷமாகப் பாடம் நடத்தினாள், ஆராய்ச்சி செய்தாள். முழுப் புத்தகமும் தன் கணவன் வீட்டுக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்பதை அவள் மாணவர்களிடம் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

ஏன் படிக்கவில்லை என்று கேட்டால், அது பிரிக்காத பிரதி. அந்தக் காலத்தில் ஒரு பெரிய தாளில் பல பக்கங்களை அச்சடித்து, மடித்து, அப்படியே தைத்து விற்றுவிடுவார்கள். மடிப்புகள் மேலேயும் பக்கவாட்டிலும் மூடியே இருக்கும். வாங்குகிறவர் ஒரு கத்தியை வைத்துக்கொண்டு மடிப்பை அறுத்து அறுத்துத்தான் படிக்க வேண்டும். மடிப்பு மூடியே இருக்கிறது என்றால் அந்தப் பிரதியை யாரும் படித்ததில்லை என்று பொருள். சேகரிப்பவர்கள் அதற்குத்தான் உயிரை விடுவார்கள். முதல் பதிப்பு என்றால் ஒரு மதிப்பு, யாரும் படிக்காத முதல் பதிப்பு என்றால் பல மடங்கு மதிப்பு.

அவள் பல தடவை கேட்டுப் பார்த்தாள். கெஞ்சியும் பார்த்தாள். ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் அவளுக்கு மறக்கவில்லை.

"படிச்சுட்டா அப்புறம் அது வெறும் காகிதம்மா. படிக்காத வரைக்கும்தான் அதுக்கு மரியாதை."

தரகர் சொன்ன நேரத்துக்கு வந்தார். மெலிந்த ஆள், பேச்சில் தேன். தோல்பையிலிருந்து சொந்தக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, மற்ற புத்தகங்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, சாம்பல் அட்டையைக் கையில் எடுத்ததும் மூச்சை இழுத்துப் பிடித்தார். மடிப்பு மடிப்பாக விளக்குக்கு நேரே வைத்துப் பார்த்தார். ஒன்றுகூடப் பிரியவில்லை என்று திருப்தியானதும் முகம் மலர்ந்துவிட்டது. வாங்கப்போகிறவர் கடல் தாண்டி இருக்கிறார், நேரே வங்கிப் பெட்டகத்துக்குத்தான் போகும், அவர்கூடத் தொடமாட்டார் என்று ஏதோ நல்ல சேதி போலச் சொன்னார்.

மருமகள் நாத்தனாரைத் தனியே அழைத்து, ஒரே ஒரு தடவை படித்துக்கொள்கிறேன் என்று கேட்டாள். வெட்டாமல் படிக்க முடியாது, வெட்டினால் விலை பாதாளத்துக்குப் போய்விடும், அண்ணிக்குத் தெரியாததா என்று நாத்தனார் முடித்துவிட்டாள். மருமகள் கணவனைப் பார்த்தாள். கணவன் சுவரைப் பார்த்தான். அந்த வீட்டில் அவன் வளர்ந்ததே அந்தச் சுவரைப் பார்த்துத்தான்.

இது காதில் விழுந்த தரகர், அவளைச் சமாதானப்படுத்துகிற எண்ணத்தில் மாமனாரைப் புகழ ஆரம்பித்தார்.

"உங்க மாமனார் மாதிரி ஒருத்தரைப் பாக்க முடியாதும்மா. இந்தப் புத்தகம் இன்னும் ஏழு பிரதி இருந்துச்சு. ஒவ்வொண்ணா விலைக்கு வரவர அவர்தான் வாங்கினார். வாங்கி என்ன செஞ்சார் தெரியுமா? இதே வீட்டுப் பின்பக்கத்துல வச்சு எரிச்சுட்டார். ஒண்ணே ஒண்ணு இருந்தாத்தான அதுக்கு விலை?"

அப்பா குப்பை எரிக்கிறார் என்றல்லவா நினைத்தேன் என்று கணவன் வாய்க்குள் முனகினான். மருமகளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பசித்தவர்களுக்காக ஒருத்தி எழுதியதை, பசியை விற்றுப் பிழைத்த ஒருவர் ஏழு தடவை கொளுத்தியிருக்கிறார். அதைச் சாமர்த்தியம் என்கிறான் ஒருவன். அவள் மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள்.

மதியம் மூன்று பேரும் கையெழுத்துப் போட வக்கீல் அலுவலகத்துக்குக் கிளம்பினார்கள். சாயங்காலம் இரும்புப் பெட்டியோடு வந்து எடுத்துக்கொள்வதாகத் தரகர் சொன்னார். மற்ற புத்தகங்களைத் தாளில் பொதிந்து வைக்கும் வேலை மருமகள் தலையில் விழுந்தது. கார் தெருமுனை திரும்பும் வரைக்கும் வாசலில் நின்று பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போய் இழுப்பறையில் இருந்ததிலேயே மழுங்கிய கத்தியை எடுத்துக்கொண்டாள். மடிப்பை அறுக்க மழுங்கல்தான் நல்லது, கூரான கத்தி கோடு தாண்டி ஓடிவிடும். விலை போனால் போகட்டும், நாத்தனார் ஏசினால் ஏசட்டும். அந்த ஒரே பிரதி பெட்டகத்துக்குள் போவதற்கு முன்னால் அதில் இருப்பது வெளியே வந்தாக வேண்டும்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. புத்தக அறைக்குள் அது கேட்கவில்லை. அங்கே இயந்திரத்தின் முனகல் மட்டும்தான்.

கையுறை போடாமல், வெறுங்கையால் அவள் அந்தப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கத்தியை முதல் மடிப்புக்குள் நுழைத்து மெல்ல இழுத்தாள். சர்ரென்று ஒரு சத்தம். இத்தனை காலமாக எந்தக் கண்ணும் பார்க்காத இரண்டு பக்கங்கள் விரிந்தன. எழுத்துகள் நேற்று அச்சடித்தவைபோலக் கறுப்பாக இருந்தன.

'நான் தானியம் அளக்கிறவள். சென்ற வருஷம் அளந்ததைவிட இந்த வருஷம் நான் குறைவாக அளக்கவில்லை.'

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கைபேசியில் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த மடிப்பை அறுத்தாள். அடுத்தது, அதற்கடுத்தது. நின்று நிதானமாகப் படிக்க நேரமில்லை, படம் இருந்தால் பிறகு படித்துக்கொள்ளலாம் என்று வேகமாகப் போனாள். கருகல் வாசனை கூடிக்கொண்டே வந்தது. சமையலறையில் ஏதாவது அடுப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள். ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது திறந்து வைத்துவிட்டுப் போன புத்தகம் மூடியிருந்தது. பழைய தையல், விறைப்பாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

மறுபடி கத்தியை நுழைத்தாள்.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

இயந்திரத்தின் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். இது இயந்திரம் இல்லை. இந்தச் சத்தமும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கத்தி பிடித்த கை நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை, கை தானாக நின்றது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

தோல் நாற்காலி காலியாக இருந்தது.

பார்த்துக்கொண்டே இருக்கும்போது, அதன் இருக்கை மெல்ல அமுங்கியது.

அவள் புத்தகத்தையும் கைபேசியையும் வாரிக்கொண்டு கதவுக்கு ஓடினாள். திறந்து வைத்திருந்த கதவு சாத்தியிருந்தது. பிடி திரும்பியது, கதவு வரவில்லை. தோளால் முட்டினாள், அசையவில்லை. மூச்சு வாங்க அங்கேயே சாய்ந்து நின்றபோது, எடுத்த படங்களாவது இருக்கிறதே என்று கைபேசியைத் திறந்து பார்த்தாள்.

எல்லாப் படத்திலும் மேஜைமேல் புத்தகம் மூடியே இருந்தது.

எல்லாப் படத்திலும் மேஜை விளிம்பில், அவள் கைக்குப் பக்கத்தில், வெள்ளைப் பருத்தி விரல்நுனிகள் தெரிந்தன.

அவசரமாகப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் புரட்டினாள். அறுத்த மடிப்பு அறுத்ததாக இல்லை. பசையும் இல்லை, தழும்பும் இல்லை. தாள் எந்தக் கத்தியையும் கண்டறியாததுபோல மூடியிருந்தது. அவள் முன்னால் அறுத்துக்கொண்டு போகப் போக, யாரோ பின்னாலேயே மூடிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அழுகை முட்டியது. கூடவே, அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து விழுங்கி விழுங்கி வைத்த கோபம் எல்லாம் ஒன்றாக வந்தது. உயிரோடு இருந்தபோது இந்தச் செருமலுக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த அசட்டுத்தனம் ஒரு ஆயுசுக்குப் போதும். அவள் விடுவிடுவென்று மேஜைக்குத் திரும்பி வந்து, அந்த நாற்காலிக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

மூடுகிறவர் தாளைத்தான் மூட முடியும். வாயிலிருந்து வந்துவிட்ட சொல்லை எப்படி மூடுவார்? கைபேசியில் குரல் பதிவை ஓடவிட்டாள். முதல் மடிப்பை மறுபடி அறுத்தாள். உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

ஒரு வரி படித்தாள். செருமல்.

அடுத்த வரி. மறுபடி செருமல், இந்தத் தடவை காதுக்குப் பக்கத்தில்.

கடைசி வரிசை மாணவர்களை அடக்கிப் பழகிய குரல் அவளுடையது. அதை ஒரு கட்டை உயர்த்தினாள். தானியம் அளந்த அந்தப் பெண் எந்தெந்தத் தெருவில் எந்தெந்தக் கிடங்கில் எவ்வளவு மூட்டை பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனாள். விளைச்சல் பொய்த்தது என்று சொல்கிறவர்கள் கிடங்குக் கதவில் காதை வைத்துக் கேட்கட்டும், உள்ளே எலிகள் தின்னும் சத்தம் கேட்கும் என்று எழுதியிருந்தாள். மருமகள் அந்த இடத்தில் சிரித்தேவிட்டாள். அந்தச் சிரிப்போடு விளக்கு அணைந்தது.

இயந்திரமும் நின்றது.

கும்மிருட்டில் அவளுடைய மூச்சு கேட்டது. அதோடு இன்னொரு மூச்சும்.

கைபேசியின் விளக்கைப் போட்டுப் பக்கத்தின்மேல் சாய்த்து வைத்தாள். கத்தியை அடுத்த மடிப்புக்கு நீட்டியபோது மணிக்கட்டில் ஏதோ விழுந்து அழுத்தியது. பருத்தித் துணி. உலர்ந்து, சில்லென்று, விரல் விரலாகச் சுற்றிக்கொண்டது. உள்ளே கை இருப்பதுபோலத் தோன்றவில்லை. ஆனாலும் பிடி இரும்புப்பிடியாக இருந்தது.

அவள் கத்தியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.

கோணல்மாணலாகத்தான் அறுக்க வந்தது. ஆனாலும் அறுந்தது. படித்தாள். குரல் நடுங்கியது, அதை மறைக்க அவள் முயலவில்லை. நடுங்கிக்கொண்டேதான் படித்தாள்.

கடைசித் தாளுக்கு வந்தபோது, தொட்ட விரல் சுட்டது.

காகிதம் சூடாகிக்கொண்டிருந்தது. கருகல் வாசனை இப்போது வீட்டின் எந்த மூலையிலிருந்தும் வரவில்லை, அவள் கையிலிருந்தே வந்தது. விளக்கின் வட்டத்தில் பக்கத்தின் ஓரம் மஞ்சளாகி, பழுப்பாகி, மெல்ல உள்நோக்கிப் படர்ந்தது. மேலேயிருந்து சாம்பல் துணுக்குகள் அவள் புறங்கையில் உதிர்ந்தன. ஏழு பிரதியை எரித்த கைக்கு எட்டாவது பெரிய காரியம் இல்லை. இன்னும் இரண்டு பக்கம் பாக்கி. அவை போனால், உலகத்தில் எங்கேயும் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது அப்போதுதான்.

கையை எடுத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டால் சூடு ஆறிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் கேட்பதும் அவ்வளவுதான்.

அவள் நாற்காலியை நிமிர்ந்து பார்த்தாள்.

"எரிங்க மாமா," என்றாள். "எரிச்சா உங்ககிட்ட என்ன மிஞ்சும்? இது ஒண்ணுதான இருக்கு."

ஓரத்தில் படர்ந்த பழுப்பு நின்றது.

அந்த இன்னொரு மூச்சுக்கு அவள் காத்திருந்தாள். வரவில்லை. விரலுக்கடியில் காகிதத்தின் சூடு சிறிது சிறிதாகக் குறைந்தது. அவருக்குத் தெரிந்த கணக்கு அதுதான். தன்னிடம் உள்ள ஒரே ஒன்றை அவரால் அழிக்க முடியாது. மணிக்கட்டைச் சுற்றிய துணி தளர்ந்தது. அவள் கத்தியை மேஜையில் எறிந்துவிட்டு, கடைசி மடிப்பை விரலாலேயே கிழித்தாள். அதைப் பூப்போலப் பிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கடைசிப் பக்கத்தை எழுந்து நின்று படித்தாள். அதன் முடிவில் இப்படி இருந்தது: 'பூட்டியவன் செத்தாலும் பூட்டு சாவதில்லை. ஆகையால் இதைப் படிக்கிறவர்கள் சாவிக்காகக் காத்து நிற்க வேண்டாம்.'

விளக்கு வந்தது. இயந்திரம் முனக ஆரம்பித்தது. கதவு, யாரும் எப்போதும் சாத்தாததுபோல, விரியத் திறந்திருந்தது.

சாயங்காலம் மூவரும் திரும்பி வந்தபோது மருமகள் கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மறைக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. வெட்டிப் படித்துவிட்டேன் என்று நேராகச் சொன்னாள். நாத்தனார் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தரகர் ஓட்டமும் நடையுமாக உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தவர் சிரித்துக்கொண்டிருந்தார். மடிப்பு ஒன்றுகூடப் பிரியவில்லை, காலையில் பார்த்தபடியே இருக்கிறது, அம்மா நன்றாகத்தான் விளையாடுகிறார் என்றார். ஓரத்தில் பழுப்பு இருக்கும், கடைசித் தாள் கிழிந்திருக்கும் என்று அவள் சொன்னாள். அப்படி எதுவும் இல்லை என்றார். இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும்போது அவளும் பார்த்தாள். இல்லைதான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கணவன், களைப்பில் கண்ணயர்ந்து ஏதோ கனவு கண்டிருப்பாய் என்று ஆறுதல் சொன்னான். அவள் கைபேசியில் பதிவை ஓடவிட்டாள். அவளுடைய குரல் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தெளிவாக ஒலித்தது. வரிக்கு வரி இடையில் அவனுடைய அப்பாவின் தொண்டைச் செருமலும் ஒலித்தது. கணவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான். முழுக்கப் போடு, கேட்கிறேன் என்றான். தன் அப்பா வேண்டாம் என்ற ஒரு காரியத்தை அவன் செய்தது அதுதான் முதல் தடவை.

பதிவைக் கேட்டுக் கேட்டு அவள் எழுதி முடித்தாள். அச்சகத்துக்குக் கொடுத்து, இருப்பதிலேயே மலிவான தாளில் சிறு புத்தகமாக அடிக்கச் சொன்னாள். விலை போடவில்லை. கட்டுகளை எடுக்கப் போன அன்று அச்சகக்காரர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. வெட்டும் இயந்திரத்தில் தானே நின்று மூன்று பக்கமும் வெட்டியதாகச் சத்தியம் செய்தார், வெட்டிய தாள்நறுக்குகளைச் சாக்கு நிறையக் கொண்டுவந்து கொட்டிக் காட்டினார். ஆனால் கட்டைப் பிரித்தால் ஒவ்வொரு புத்தகத்திலும் மடிப்பு மூடியே இருந்தது. மறுபடி வெட்டினேன், மறுபடியும் மூடிக்கொண்டது, தயவுசெய்து இதை என் கடையைவிட்டு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று கும்பிட்டார்.

அவள் எடுத்துக்கொண்டு நேரே வகுப்புக்குப் போனாள். ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். பையில் அடிக்கோல், சீப்பு, அடையாள அட்டை என்று எது இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள், வெட்டித்தான் படிக்க வேண்டும் என்றாள். வகுப்பு முழுக்கக் காகிதம் அறுபடும் சத்தம் எழுந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் இரண்டு பக்கம் தாண்டியதும் கை நின்றுபோய், முகம் வெளிறி நிமிர்ந்தாள்.

"மேடம், வெட்டின பக்கம் தானா ஒட்டிக்குது."

"தெரியும்மா," என்றாள் மருமகள். "திரும்ப வெட்டு. வெட்டினதும் சத்தமா படி."